கேட்டதைச் சொல்லாதவர்கள்

எங்கள் வீட்டில் 1942 என்று பேச்சு வந்தால் அம்மாவுக்கு ஆகஸ்ட் போராட்டம் முதலில் நினைவுக்கு வராது. "மெட்ராஸே காலியாச்சே, அந்த வருஷம்தானே?" என்பார். ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ஆம் தேதி திரிகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜப்பான் கப்பல் படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தகவலை நம்பி, அரசாங்கமே ஆபீஸ்களைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர், ஊட்டி என்று கிளம்பிவிட்டது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ரயில் கிடைத்தவர்கள் ரயிலிலும், கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியிலுமாக ஊருக்குத் திரும்பினார்கள். அப்படி வந்து எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் தங்கிய ஒரு குடும்பத்தைப் பற்றி அம்மா கதை கதையாகச் சொல்வார்.

ஜப்பான்காரன் வரவில்லை. திரிகோணமலையைத் தாக்கிய கையோடு அவனுடைய கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வங்காள விரிகுடாவில் எதிரி இல்லை. ஒரு தவறான தகவல், ஒரு நகரத்தையே காலி செய்துவிட்டது.

நான் முப்பத்தெட்டு வருடம் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவன். தகவல் என்றால் என்ன விலை என்பது ஓரளவு தெரியும். அதனால் அம்மாவின் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். எதிரி எங்கே இருக்கிறான், எப்போது வருகிறான் என்று கேட்டுச் சொல்ல அப்போது யார் இருந்தார்கள்? ரிட்டயர் ஆன பிறகு கிடைத்த நேரத்தில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் பார்த்த அதே வேலையைத்தான் ராணுவத்தின் உளவுப் படையில் பலர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. சினிமாவில் வருகிற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கி எல்லாம் கொஞ்சம்தான். காதில் ஹெட்போன், கையில் பென்சில், எதிரில் காகிதம், எட்டு மணி நேர ஷிப்ட். பெரும்பகுதி அதுதான்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் உளவுப் படைக்கு 'இன்டெலிஜென்ஸ் கோர்' என்று பெயர். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் ஆரம்பித்தபோது அவசர அவசரமாகக் கூட்டிய படை அது. பிரெஞ்சும் ஜெர்மனும் பேசத் தெரிந்த வாத்தியார்கள், மாணவர்கள், லண்டன் போலீஸ்காரர்கள் என்று கலவையான ஆட்கள். பலருக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஆரம்ப நாட்களில் கொஞ்ச காலம் இந்தப் படைக்குத் தலைமை வகித்தவர் ஓர் இளம் அதிகாரி. பெயர் வேவல். ஆமாம், பின்னால் நம் வைஸ்ராயாக வந்த அதே வேவல் பிரபுதான். 1942 ஏப்ரலில் மெட்ராஸ் காலியானபோது இந்தியாவின் தலைமைப் படைத் தளபதியும் அவர்தான். உளவின் அருமை தெரிந்தவர் தளபதியாக இருந்தும், போதிய உளவு இல்லாமல் தவித்த காலம் அது.

ஏன் தவித்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. போர் முடிந்ததும் இந்தப் படையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1929இல் கலைத்தே விட்டார்கள். சமாதான காலத்தில் ஒற்றுக் கேட்கிறவனுக்கு எதற்குச் சம்பளம் என்ற எண்ணம். பத்து வருடத்தில் அடுத்த போர் வந்தது. கற்றவர்கள் கலைந்து போயிருந்தார்கள். மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1940 ஜூலை 19ஆம் தேதி படையை மீண்டும் அமைத்தார்கள். இன்றுவரை அந்தத் தேதியைத்தான் படையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

எந்த ராணுவப் படையானாலும் அதற்கென்று ஒரு சின்னம், ஒரு வாசகம், ஓர் அணிவகுப்பு இசை இருக்கும். இவர்களுடைய சின்னத்தில் நடுவே ஒரு ரோஜா, இரண்டு பக்கமும் வாகை மாலை போல லாரல் இலைகள், மேலே கிரீடம். லாரல் வெற்றிக்கு. ரோஜா எதற்கு? ஐரோப்பாவில் பழைய காலத்திலிருந்தே ரோஜா ரகசியத்தின் அடையாளம். ரோஜாவின் அடியில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் மரபு. படையின் அணிவகுப்பு இசைக்கும் 'ரோஜாவும் லாரலும்' என்றே பெயர். வாசகம் லத்தீனில் இருக்கிறது. 'அறிவே கைக்கு வலிமை தரும்' என்று பொருள். நம் வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தவர். இதைக் கேட்டால் தலையாட்டியிருப்பார்.

மற்ற படைக்காரர்கள் சும்மா விடுவார்களா? துப்பாக்கி பிடித்துச் சண்டைக்குப் போகாதவர்கள் என்ற இளக்காரம் அவர்களுக்கு. அந்தச் சின்னத்தைப் பார்த்து, 'வாங்கின மாலை மேலேயே படுத்துத் தூங்குகிற பூ' என்ற அர்த்தத்தில் கேலி செய்தார்கள். பின்னால் இவர்களுக்கு சைப்ரஸ் மரத்தின் பச்சை நிறத்தில் தொப்பி வந்தது. உடனே 'பச்சைச் சளி' என்று இன்னொரு பட்டப்பெயர். இந்தக் கேலிகளை உளவுப் படையினர் மறைக்கவில்லை. தங்கள் வரலாற்றின் ஒரு பகுதியாகவே சொல்லிச் சிரிக்கிறார்கள். பதில் சொல்லி வாயை அடைக்கலாம்தான். ஆனால் என்ன செய்தோம் என்று சொன்னால்தானே பதில் சொல்ல முடியும்? அதற்குத்தான் வழியில்லையே.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

மோர்ஸ் சங்கேதம் பழகியவர்களுக்குத் தெரியும், புள்ளியும் கோடும் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் கை ஒன்றல்ல. என்னோடு லைனில் பேசிய எதிர்முனை ஆட்களில் பாதிப் பேரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் நாலு எழுத்து அடித்தால் இன்னார் என்று சொல்லிவிடுவேன். ஒருவர் கோட்டைக் கொஞ்சம் இழுப்பார். ஒருவர் சொல்லுக்குச் சொல் மூச்சு விடுவார். காய்ச்சலோடு டூட்டிக்கு வந்திருந்தால் அதுகூடத் தெரியும். கையெழுத்து மாதிரி, அது கை.

போர்க்காலத்தில் எதிரியின் வானொலியைக் கேட்டவர்கள் இதையே ஆயுதமாக்கினார்கள். செய்தியின் அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. நேற்று ரங்கூன் பக்கம் கேட்ட 'கை' இன்று வடக்கே நூறு மைல் தள்ளிக் கேட்டால், அந்தப் படைப்பிரிவு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று இடங்களிலிருந்து அலை வரும் திசையை அளந்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எதிரியின் ஒலிபரப்பி இருக்கிறது. ஒரு நிலையம் திடீரென்று ஓயாமல் பேச ஆரம்பித்தால் ஏதோ நடக்கப் போகிறது. பேசிக்கொண்டிருந்தது திடீரென்று மௌனமானால், அது இன்னும் மோசம். பூட்டிய பெட்டியைத் திறக்காமலே, அது எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்பது போல.

பெட்டியைத் திறப்பது அடுத்த கட்டம். அதை விளக்க நம் வாழ்த்துத் தந்தியையே எடுத்துக்கொள்கிறேன். ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்ப முழு வாசகமும் எழுத வேண்டாம். தபால் ஆபீசில் தொங்கும் பட்டியலைப் பார்த்து எண்ணை மட்டும் எழுதினால் போதும். தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண், பரீட்சையில் தேறியதற்கு ஓர் எண். எதிர்முனையில் அதே பட்டியலைப் பார்த்து வாசகமாக மாற்றிக் கொடுப்போம். ஜப்பான் ராணுவத்தின் சங்கேதப் புத்தகமும் இதே மாதிரிதான். 'கப்பல்', 'படைப்பிரிவு', 'புறப்படும்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நாலு இலக்க எண்.

ஆனால் பட்டியல் எதிரி கையில் கிடைத்துவிட்டால்? அதற்காக மேலே இன்னொரு பூட்டு. இன்னொரு புத்தகம் நிறைய, தலைகால் புரியாத நாலு இலக்க எண்கள். அதில் ஓர் இடத்திலிருந்து வரிசையாக எடுத்து, செய்தியின் எண்களோடு கூட்ட வேண்டும். அதுவும் நாம் பள்ளியில் படித்த கூட்டல் இல்லை. மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 4217 என்பது 'கப்பல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 3856ஐ இந்த முறையில் கூட்டினால் 7063. காற்றில் போவது 7063 மட்டும். அடுத்த முறை அதே 'கப்பல்' வேறு எண்ணாகப் போகும். கேட்கிறவனுக்குத் தலை சுற்றும்.

அப்படியிருந்தும் திறந்தார்கள். எங்கே தெரியுமா? லண்டன் பக்கத்து பிளெச்லி பார்க்கைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நிலையம் நம் டில்லியில், ஆனந்த் பர்பத் என்ற சிறு குன்றின் மேல் இருந்தது. அங்கே இருந்த ராம்ஜாஸ் கல்லூரிக் கட்டடத்தைப் போருக்காக எடுத்துக்கொண்டு, 'வயர்லெஸ் எக்ஸ்பெரிமென்டல் சென்டர்' என்று பெயர்ப் பலகை மாட்டினார்கள். ஏதோ ரேடியோ ஆராய்ச்சி நடக்கிறது என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று வைத்த பெயர். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். உளவுப் படையினர், பிரிட்டிஷ் ராணுவத்தினர், இந்திய ராணுவத்தினர், விமானப் படையினர், ராணுவத்தின் பெண்கள் துணைப் படையினர் எல்லோரும் இருந்தார்கள். பெங்களூரிலும், கல்கத்தா பக்கத்தில் பாரக்பூரிலும் அதன் கிளை நிலையங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. நம் சேலத்துக்கும் வேலூருக்கும் மேலே போன ஜப்பானிய அலைகளை பெங்களூரில் யாரோ பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

கேட்பதே கஷ்டம். ஆங்கில மோர்ஸில் இருபத்தாறு எழுத்து. ஜப்பானியருக்கோ நம் உயிர்மெய் போல அசைக்கு ஓர் எழுத்து, அதற்கேற்ப நாற்பத்தெட்டுக்கும் மேல் குறிகள். ஒரு விஷயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த எழுத்துகளின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க வரிசை, ச வரிசை, த வரிசை என்று போகும். பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்துமுறையின் வழியாக நம் நாட்டு ஒழுங்கு அங்கே சென்றது. மேலைநாட்டுப் பையன்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட அந்த அட்டவணையை, திண்ணைப் பள்ளியில் படித்த நம் பாட்டி பார்த்திருந்தால் பாதி புரிந்திருக்கும்.

மொழி தெரிந்தவர்களைத் தேடியது தனிக்கதை. ஜப்பான் போரில் இறங்கியபோது பிரிட்டனில் ஜப்பானிய மொழி அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். கற்றுக்கொடுக்கச் சில ஆண்டுகளாவது ஆகும் என்றார்கள் பல்கலைக்கழகத்தார். பிரிகேடியர் டில்ட்மன் என்பவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1920களில் நம் சிம்லாவில் எட்டு வருடம் உட்கார்ந்து ரஷ்யச் சங்கேதங்களைத் திறந்தவர் அவர். ஆறு மாதத்தில் முடியும் என்றார். கற்றுக்கொடுக்க ஆஸ்வால்ட் டக் என்ற ஓய்வுபெற்ற கடற்படை கேப்டனைப் பிடித்தார்கள். வயது 65. நம்மைப் போல ரிட்டயர் ஆனவர். கடற்படையில் இருந்தபோது சொந்த முயற்சியில் ஜப்பானியம் கற்றவர். 1942 பிப்ரவரியில் பெட்ஃபோர்ட் என்ற ஊரில், கேஸ் கம்பெனி ஷோரூம் ஒன்றில் வகுப்பு ஆரம்பமானது. மாணவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் லத்தீனும் கிரேக்கமும் படித்த பையன்கள். பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. ராணுவத் தந்தியைப் படிக்க என்ன வேண்டுமோ அது மட்டும். ஆறு மாதத்தில் முடித்தார்கள். போர் முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே படித்து வெளியே வந்தார்கள். சிலர் டில்லிக்கும் வந்தார்கள்.

டில்லிக் குன்றின் மேல் நடந்த பெரிய காரியம் 1943 ஏப்ரலில். ஜப்பான் ராணுவம் தன் துருப்புக் கப்பல்களுக்கென்று தனிச் சங்கேதம் வைத்திருந்தது. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த நாள், என்ன சரக்கு என்று எல்லாம் அதில் போகும். உளவுப் படையைச் சேர்ந்த வில்ஃப்ரிட் நாய்ஸ் என்பவரும் மாரிஸ் ஆலன் என்பவரும் கட்டுக் கட்டாக அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தலைகால் புரியாமல் சிதறிக் கிடக்க வேண்டிய எண்களில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் வருகிற இலக்கம் மட்டும் அப்படிச் சிதறவில்லை. அதற்கு ஏதோ ஒழுங்கு இருந்தது. கூட்டல் புத்தகத்தில் எந்த இடத்திலிருந்து எண் எடுத்தோம் என்று எதிர்முனைக்குச் சொல்லும் குறிப்பு அது. அந்த நூலைப் பிடித்து இழுத்தார்கள். ஒரே இடத்திலிருந்து எண் எடுத்த இரண்டு செய்திகள் கிடைத்துவிட்டால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்ததும் மேல் பூட்டு கழன்றுவிடும். மிஞ்சுவது வாழ்த்துத் தந்திப் பட்டியல் மட்டும். ஜப்பான் ராணுவத்தின் பெரிய சங்கேதங்களில் முதலில் திறந்தது இதுதான். ஏறக்குறைய அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் திறந்தார்கள்.

இந்த நாய்ஸ் யார் என்று பார்த்தேன். சிம்லாவில் பிறந்தவர். அப்பா ஐ.சி.எஸ்., வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். பிள்ளை பழைய இலக்கியம் படித்தவர், மலை ஏறுபவர், போருக்குப் பிறகு பள்ளி ஆசிரியர். 1953இல் எவரெஸ்ட் சிகரத்தை முதன்முதலாகத் தொட்ட குழுவில் அவரும் ஒருவர். டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சிக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, மே 21ஆம் தேதி, ஷெர்பா அன்னுல்லுவோடு சவுத் கோல் என்ற இடத்துக்கு வழி திறந்தவர் அவர். அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கவிதையும் எழுதினார். 1962இல் பாமிர் மலையில் இறங்கும்போது விழுந்து இறந்தார். மலை ஏறியதை உலகத்துக்கெல்லாம் சொல்ல முடிந்த அந்த மனிதர், டில்லிக் குன்றில் செய்ததைச் சொல்லாமலே போய்விட்டார்.

நாய்ஸ் மட்டும் இல்லை. எல்லோரும் அப்படித்தான். உள்ளே நுழையும்போது கையெழுத்து வாங்குவார்கள். வெளியே போனாலும், போர் முடிந்தாலும், பேசக் கூடாது. பெற்றோரிடமும் கூடாது, கட்டிய மனைவியிடமும் கூடாது. 'போரில் என்ன செய்தாய்?' என்று கேட்டால் 'ஆபீசில் ஏதோ குமாஸ்தா வேலை' என்று சொல்ல வேண்டும். பிளெச்லி பார்க் விஷயம் 1974இல் விண்டர்பாதம் எழுதிய புத்தகம் மூலம்தான் பரவலாக வெளியே வந்தது. கிழக்குப் பக்கத்துக் கதைக்கு இன்னும் நாளாயிற்று. பெட்ஃபோர்டில் படித்து டில்லிக்கு வந்த ஆலன் ஸ்ட்ரிப் தன் அனுபவத்தை 1989இல்தான் புத்தகமாக்கினார். அதற்குள் எத்தனையோ பேரின் அப்பா அம்மா போய்விட்டார்கள். பையன் போர்க்களம் பக்கமே போகாமல் தப்பித்துக்கொண்டான் என்று நினைத்தபடியே போனவர்களும் இருந்திருப்பார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமில்லை. சின்ன அளவில் நானும் அனுபவித்தேன். தந்தியில் வந்ததை வெளியே சொன்னால் சிறைத் தண்டனை என்று 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டம் சொன்னது. வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்கு அதைப் படித்துக் காட்டினார்கள்.

எழுபதுகளில் ஒரு ராத்திரி டூட்டி. விடியற்காலையில் பம்பாயிலிருந்து ஒரு மரணத் தந்தி. எழுதி முடித்த பிறகுதான் விலாசத்தைப் பார்த்தேன். எங்கள் எதிர்வீடு. அந்த அக்காவின் தம்பி இறந்துவிட்டார். தந்திச் சேவகர் ஏற்கெனவே வேறு ஒரு மரணச் செய்தியோடு ஊரின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார். வந்ததும் இதை எடுத்துப் போவார். எனக்கு ஷிப்ட் முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். வாசலில் அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ராத்திரி டூட்டியா? கண்ணெல்லாம் சிவந்திருக்கே. இரு, காப்பி தரேன்."

"வேண்டாங்கா, தூக்கம் வருது" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். படுக்கவில்லை. ஜன்னல் பக்கத்தில் நின்றேன். சைக்கிள் மணிச் சத்தம் கேட்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் அக்கா கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து வந்த பிறகு கேட்டார். "தம்பி, அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சிருந்துதா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "போகட்டும், அந்தக் கோலத்தையாவது முடிச்சேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சட்டப்படி சரி.

எனக்கு ஒரு கோலம். அவர்களுக்குக் கப்பல் கப்பலாக மனிதர்கள். 1944 ஏப்ரலில் யோஷிதா மாரு என்ற ஜப்பானியத் துருப்புக் கப்பல், போகும் வழி முன்னதாகவே தெரிந்ததால், அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் போனார்கள். எதிரிதான், ஆனாலும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். அதே வருடம் செப்டம்பரில் நடந்தது இன்னும் கொடுமை. சங்கேதம் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு கப்பல் வரிசையை அமெரிக்க நீர்மூழ்கிகள் தாக்கின. அதில் ரக்குயோ மாரு, கச்சிடோக்கி மாரு என்ற இரண்டு கப்பல்களில் இருந்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்து பிழைத்தவர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட நம் தமிழ்க் கூலிகள் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்களே, அதே பாதை. அங்கே சாகாமல் தப்பியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் போனார்கள். சுட்டவர்களுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கப்பல் வரும் நேரம் தெரியும், இடம் தெரியும், அவ்வளவுதான்.

அறிவே கைக்கு வலிமை தரும் என்பது உண்மைதான். ஆனால் பாதி அறிவும் கைக்கு வலிமை தரும். 1942இல் கொழும்பில் கேட்டுக்கொண்டிருந்த கடற்படை உளவாளிகளுக்குத் தாக்குதல் வரப்போவது முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் ஏப்ரல் 1 என்று எதிர்பார்த்தார்கள், 5இல் வந்தது. காத்திருந்த கப்பல் படை எண்ணெயும் தண்ணீரும் நிரப்பப் போய்விட்டது. அதே வாரம் சென்னைக்கு வந்த தகவலோ சுத்தமாகத் தவறு. ஆகவே கேட்பவனுக்கு மட்டும் பொறுமை போதாது. கேட்டதை வாங்கிக்கொள்பவனுக்கும் வேண்டும்.

போருக்குப் பிறகு பிரிட்டனில் மறுபடி படையைக் கலைக்கும் தவற்றைச் செய்யவில்லை. 1985இல், உதவிப் பிரிவு என்ற நிலையிலிருந்து உயர்த்தி, போர்ப் படைகளோடு சேர்த்தார்கள். 1997இலிருந்து அதன் தலைமையிடம் சிக்சாண்ட்ஸ் என்ற இடம். நூற்றாண்டுகள் பழமையான ஒரு மடாலயம் உள்ள வளாகம். போர்க்காலத்தில் அங்கே விமானப் படையினர் ஜெர்மானிய அலைகளைக் கேட்டு பிளெச்லிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காது வைத்த இடத்துக்கே படை வந்து சேர்ந்தது. இப்போதும் பயிற்சி முடித்த சாதாரணச் சிப்பாய்க்கு அங்கே உடனே லான்ஸ் கார்ப்பரல் பட்டி கொடுத்துவிடுவார்கள். இந்த வேலையில் கடைசி ஆளும் தன் புத்தியால் முடிவெடுக்க வேண்டும் என்பதால். நம் ராணுவத்துக்கும் தனி உளவுப் படை உண்டு. அதன் பயிற்சிப் பள்ளி பூனாவில் இருக்கிறது.

2009இல் பிரிட்டிஷ் அரசாங்கம் பிளெச்லியிலும் அதன் கிளைகளிலும் வேலை பார்த்து உயிரோடு இருந்தவர்களுக்கு ஒரு சின்ன பேட்ஜ் கொடுத்தது. பின்பக்கம், 'நாங்களும் பணியாற்றினோம்' என்று பொறித்திருக்கும். அறுபத்து நாலு வருடம் கழித்து. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாம் எண்பது தாண்டியவர்கள்.

டில்லியிலும் பெங்களூரிலும் பாரக்பூரிலும் உட்கார்ந்து கேட்ட இந்தியர்கள் எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் நான் படித்த புத்தகங்களில் அவர்கள் 'இந்திய ஆபரேட்டர்கள்', 'இந்திய எழுத்தர்கள்' என்று கூட்டமாகத்தான் வருகிறார்கள். 1947க்குப் பிறகு அவர்கள் தபால் தந்தி இலாகாவிலோ ரயில்வேயிலோ பள்ளிக்கூடத்திலோ வேலைக்குப் போயிருப்பார்கள். வாய் திறந்திருக்க மாட்டார்கள். சுதந்திர நாட்டில், வெள்ளைக்காரனுக்காக ஒற்றுக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் தயக்கமாக இருந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீசில் ரிட்டயர் ஆகும் வயதில் இருந்த சீனியர்களில் சிலர் போரில் சிக்னல் பிரிவில் இருந்தவர்கள். 'எங்கே சார் இருந்தீங்க?' என்று கேட்டால், 'ஏதோ ஆபீஸ் வேலைப்பா' என்பார்கள். அப்போது அதை அப்படியே நம்பினேன். இப்போது அந்தப் பதிலை நினைத்துப் பார்க்கிறேன்.

2013 ஜூலையில் தந்தி சேவையையே நிறுத்திவிட்டார்கள். என் காதுக்கும் இப்போது மிஷின் வைத்தாகிவிட்டது. ஆனாலும் மழை நாளில் தகரக் கூரையில் தூறல் விழும்போது அது எழுத்தாகத்தான் கேட்கிறது.

உங்கள் வீட்டிலும் போர்க்காலத்தில் 'டில்லியில் ஆபீஸ் வேலை', 'பெங்களூரில் வயர்லெஸ் வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டு, மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிய ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ இருந்திருந்தால், பழைய பெட்டியைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். ஒரு புகைப்படம், ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கிடைக்கலாம். கிடைத்தால், அதில் இருக்கும் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லக் கூடாது என்றுதானே சட்டம். நாம் சொல்லலாம்.